மரப்பாலத்தில் மட்டும் சுடும் ஏசி

கார் ஏசி குளிரவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், கடலூரில் எல்லாரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. "கேஸ் தீர்ந்திருக்கும், அடிச்சிடுங்க." அலுவலகத்தில் சொல்வார்கள். மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்க நின்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் பையன் சொல்வான். ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சபதம் எடுத்திருக்கும் என் கணவரும் சொல்வார். சொல்கிறவர்கள் யாரும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. எப்போது குளிரவில்லை, எங்கே குளிரவில்லை, காற்று வருகிறதா இல்லையா, எதுவும் தேவையில்லை. கேஸ், அவ்வளவுதான்.

இந்தப் பதில்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. போன கோடையில் ஆரம்பித்தது, இன்னும் தணிந்தபாடில்லை. ஏசி சரியாகிவிட்டது, கோபம் மட்டும் பாக்கி. எழுதினாலாவது குறைகிறதா பார்க்கலாம்.

முதலில் அந்த கேஸைப் பற்றி. அது அடுப்புக்கு வரும் சிலிண்டர் கேஸ் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் அது கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, நமக்குக் குளிர்கிறது. பிடுங்கிய சூட்டோடு கம்ப்ரசருக்குப் போகிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி, இன்னும் சூடாக்கி, வண்டியின் மூக்கில் ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்றில் சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகி, ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் திரும்பவும் காயிலுக்கு. சின்னக் கார்களில் இந்த வேலையெல்லாம் பார்க்கும் கேஸ் மொத்தமே அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் கொஞ்சம் கசியும், அது உண்மை. ஆனால் ஒரே கோடையில் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் மறுபடி கேஸ் அடிப்பதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

சரி, என் கதையில் ஓட்டையும் இல்லை.

அத்தையும் ஜிப்மரும்

என் மாமியாரை, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் அழைத்துப் போகவேண்டும். பஸ்ஸில் அவரால் முடியாது. காலையில் புதுப்பாளையத்திலிருந்து கிளம்பி, ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கினால் ஏசி ஜில்லென்று இருக்கும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரைக்கும் அத்தை முந்தானையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைச்சு வையேம்மா, குளிருது" என்பார். நானும் ஒரு புள்ளி குறைப்பேன். அரியாங்குப்பம் வரும். அந்தச் சாலையில் போனவர்களுக்கு அந்த நெரிசலை நான் விளக்கவேண்டியதில்லை. முருங்கப்பாக்கத்தில் குளிர் போய்விடும். மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது ஏசியிலிருந்து வெளிக்காற்றைவிடச் சூடாக ஒன்று வரும். அத்தை முந்தானையை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பிப்பார். "இதுல சூடுதான்மா வருது. நிறுத்திட்டு ஜன்னலைத் திற." இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொரு சிக்னலாக வெந்து ஜிப்மர் போய்ச் சேருவோம்.

நம் கரையோரத்து வெயிலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வேலூர்க்காரர்கள் 40 டிகிரியைப் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே 36 டிகிரியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். கடலிலிருந்து வரும் ஈரம்தான் காரணம். அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்து எடுப்பதிலேயே ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது. நிறுத்திய காருக்கு அடியில் தேங்கும் தண்ணீர் அப்படிப் பிழிந்ததுதான். அதனால் நம் ஊரில் ஏசி கொஞ்சம் சுணங்கினாலும் உள்ளே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நின்றுபோனால் புழுக்கம் தாங்காது.

கடலூரிலேயே ஓரளவு பெரிய சர்வீஸ் கடை ஒன்றில் விட்டேன். கூடவே கணவரும் வந்தார். வராமல் இருந்திருக்கலாம். ஓட்டுவது நான், பிரச்சினையைச் சொல்வது நான், ஆனால் கடைப் பையன் பதில் சொன்னதெல்லாம் அவரைப் பார்த்துத்தான். "கேஸ் கம்மியா இருக்கும் சார்." "எப்போ அடிச்சது சார்?" கியர் எத்தனை என்றுகூடத் தெரியாத மனிதர் தீவிரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பானெட்டைத் திறந்து வைத்து, வண்டிக்கு முன்னால் ஆளுயர பெடஸ்டல் ஃபேன் ஒன்றை நிறுத்தி முழுவேகத்தில் ஓடவிட்டார்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். கேஜ் செட்டில் நீல ஹோஸை மட்டும் மாட்டினான், சிவப்பு சும்மா தொங்கியது. "முப்பதுதான் சார் காட்டுது. நாப்பதாவது வேணும்." கேஸ் ஏறியது. முள் எழுந்தது. ஏசி வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, இறங்கி 7-ஐத் தொட்டதும் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆயிரத்துச் சொச்சம் பில்.

அன்று சாயங்காலம் மழை. கோடைமழை என்றாலும் விடாமல் அந்த வாரம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. அந்த மாதம் ஜிப்மருக்குப் போனபோது மரப்பாலத்திலும் ஏசி குளிர்ந்தது. மழை செய்த உபகாரத்துக்குக் கேஸ் பெயர் வாங்கிக்கொண்டது.

மழை நின்றதும் பழைய குருடி. மறுபடி அதே கடை, அதே ஃபேன், அதே நீல ஹோஸ். "மறுபடி குறைஞ்சிருக்கு சார். உள்ள கூலிங் காயில் லீக் இருக்கணும். டேஷ்போர்டை இறக்கித்தான் பார்க்கணும்." எஸ்டிமேட் ஐந்து இலக்கத்தில் வந்தது. டேஷ்போர்டை ஒருமுறை இறக்கி ஏற்றிய கார் அதற்குப் பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் எங்காவது கிரீச்சிடும் என்பது கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தற்காலிகமாக இன்னும் கொஞ்சம் கேஸ் அடித்து அனுப்பினார்கள். கடை வாசல் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது.

என்னைக் குடைந்தது இதுதான். இரண்டாவது முறை கேஸ் அடித்தபிறகு நிலைமை முன்பைவிட மோசம். முன்பு முருங்கப்பாக்கத்தில் போன குளிர் இப்போது அரியாங்குப்பத்திலேயே போனது. கேஸ் குறைவுதான் நோய் என்றால், கேஸ் அடித்ததும் ஏன் நோய் கூடுகிறது? கசிந்துபோனது என்றால் கன்னியக்கோயிலில் எப்படி அத்தைக்குக் குளிர்கிறது? ஓட்டையான குழாய் கிருமாம்பாக்கத்தில் நல்ல குழாயாகவும் மரப்பாலத்தில் ஓட்டைக் குழாயாகவும் இருக்க முடியுமா? கணவரிடம் கேட்டேன். "அவங்க தெர்மாமீட்டர் வெச்சுக் காட்டினாங்களே" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. கடையில் 7 டிகிரியை நானும் பார்த்தேன். கடையில் குளிர்வது சாலையில் ஏன் குளிரவில்லை என்பதுதான் தூக்கம் கெடுத்தது.

பாய்

வாடகைக்கார் ஓட்டும் தம்பி ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். நாள் முழுக்க ஏசி போட்டு ஓட்டுகிறவன். அவன் சொன்னான், "அக்கா, அரியாங்குப்பம் தாண்டி ஒரு பாய் இருக்காரு. ஆனா அவர் லேசுல கேஸ் அடிக்க மாட்டாரு." கேஸ் அடிக்காத ஏசி மெக்கானிக் என்பதே எனக்குப் போதுமான சிபாரிசாக இருந்தது. இந்த முறை தனியாகப் போனேன்.

தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அதன் நிழலில் மூன்று கார்கள். பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேள்விமேல் கேள்வி.

"ஓடறப்ப குளிருதா, நிக்கறப்ப குளிருதாம்மா?"

"ஓடும்போது."

"காத்து குறையுதா, குளிர் குறையுதா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். அதுவரை இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. காற்று எப்போதும்போல வேகமாகத்தான் வருகிறது, சூடாக வருகிறது என்றேன்.

"மறுபடி ஓட ஆரம்பிச்சா?"

"ஒரு கிலோமீட்டர் போனா குளிர ஆரம்பிச்சுடும்."

"இன்ஜின் சூடு முள்ளு?"

"நடுவுலதான் நிக்குது."

"சிக்னல்ல வெளிக்காத்தா, உள்காத்தா?" உள்காற்றுதான், அந்தப் பொத்தானை அமுக்கித்தான் வைத்திருப்பேன் என்றேன். தலையாட்டினார். பிறகுதான் எழுந்தார்.

நிழலில் விடுவார் என்று பார்த்தால், "வெயில்ல நிறுத்தும்மா" என்றார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பானெட்டைத் திறக்கவில்லை, ஆக்சிலரேட்டரைத் தொடாதே என்றார். சிக்னலில் எப்படி நிற்பேனோ அப்படியே, ஏசியை முழுக்க வைத்துச் சும்மா நிற்கவேண்டும். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து வென்ட்டில் கையை வைத்துக்கொண்டார். இருவரும் பேசாமல் இருந்தோம். குளிர் மெல்ல மெல்ல நழுவி, மரப்பாலம் வந்துவிட்டது. இன்ஜின் பக்கம் டக் என்று ஒரு சத்தம். "கம்ப்ரசர் கட் ஆவுது" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு டக். "இப்ப பிடிக்குது. மறுபடி விடும் பாரு." விட்டது.

இறங்கிப் போய் ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும் எடுத்துவந்தார். "நீ உள்ளயே இரு. கையை எடுக்காதே." முன் கிரில்லுக்குள் பார்த்து, கண்டென்சர்மேல் மக்கு மக்காகத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மெல்லிசாக ஆவி எழுந்தது. முதல் மக்குக்கு ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று. என் விரல் நுனியில் ஏதோ மாறியது. சூடு போய், வெதுவெதுப்பு போய், பக்கெட் பாதி காலியாவதற்குள் வென்ட்டிலிருந்து தவளக்குப்பத்துக் குளிர் வந்துகொண்டிருந்தது. நடு வெயிலில், நின்ற வண்டியில், ஒரு சொட்டு கேஸ் அடிக்காமல். அத்தை கூட இருந்திருந்தால் முந்தானையை இழுத்திருப்பார்.

"கேஸ் இல்லேன்னா தண்ணி ஊத்தினா குளிருமா?" என்று கேட்டுவிட்டு பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு விசிறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று இன்ஜினுக்கானது, சூடு ஏறினால் சுற்றும். மற்றொன்று ஏசிக்கானது, ஏசி போட்டதும் சுற்றவேண்டும். அது அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஓடும் வண்டிக்கு அந்த விசிறி தேவையில்லை. ஐம்பது அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே கண்டென்சரின் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால்தான் விசிறி வேண்டும். அது இல்லையென்றால் உள்ளே பிடுங்கிய சூட்டை இறக்க இடமில்லை. கம்ப்ரசர் தள்ளிக்கொண்டே இருக்க, கண்டென்சர் பக்கத்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நம் வெயிலில் சரியாக ஓடும் ஏசியிலேயே அந்தப் பக்கம் 200, 250 பிஎஸ்ஐ இருக்கும். பல கார்களில் அது 400-ஐத் தாண்டியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், இல்லையென்றால் குழாய் தாங்காது. நான் கேட்ட டக் அதுதான். இந்த அழுத்தத்தைக் காட்டுவது சிவப்பு ஹோஸ். அந்தக் கடையில் மாட்டாமல் தொங்கவிட்டிருந்தார்களே, அது.

"கடையில முன்னாடி பெரிய ஃபேன் வெச்சிருப்பாங்களே?" என்று பாய் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப உன் வண்டி ஃபேன் வேலைய அது பார்த்துடுச்சு."

இதைச் சொல்லும்போது அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஸ்டூலில் உட்காரவேண்டியிருந்தது. கேஸ் அடிக்கும்போது முன்னால் ஃபேன் வைப்பது தப்பான பழக்கம் இல்லை. எல்லாக் கடையிலும் வைப்பார்கள், மூடிய ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அது வேண்டியதும்கூட. ஆனால் எந்த உறுப்பு செத்திருந்ததோ அதற்கு மாற்றாள் வைத்துவிட்டுப் பரீட்சை நடத்தினால் யார் வேண்டுமானாலும் பாஸ். அந்த 7 டிகிரி என் கார் வாங்கிய மார்க் இல்லை, ஃபேன் வாங்கிய மார்க். ஆக்சிலரேட்டரை அழுத்தி, முன்னால் காற்றடித்தால், காயில் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் நீல முள் கீழே இறங்கித்தான் நிற்கும், 30 என்பது நோயே இல்லை. அதைப் பார்த்து அடித்த கேஸ்தான் வினையாகிப்போனது.

வினை எவ்வளவு என்பதும் தெரிந்தது. பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் போட்டிருக்கும். நானும் பல தடவை பானெட்டைத் திறந்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. என் காரில் 380 கிராம், 20 கூடலாம், குறையலாம். பாய் ரெக்கவரி மெஷினை மாட்டி உள்ளே இருந்ததை ஒரு சிலிண்டருக்கு இழுத்து, தராசில் வைத்துக் காட்டினார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. குறைந்துவிட்டது என்று எனக்கு விற்ற பொருள் தேவைக்குமேல் நூறு கிராம் கூடுதலாக இருந்தது. கூடுதல் கேஸ் திரவமாகிக் கண்டென்சரில் இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் இன்னும் சீக்கிரம் ஏறும். குளிர் முருங்கப்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பத்துக்குப் பின்வாங்கியது அப்படித்தான்.

விசிறி மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார், சுற்றியது. மோட்டாரில் குறையில்லை. கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினார். ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது, அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. "வீடு எங்கம்மா?" புதுப்பாளையம் என்றதும், "சில்வர் பீச் ரோடு பக்கம். கேக்கணுமா" என்றார். உப்புக்காற்று செம்பைத் தின்றால் பச்சை பூக்கும். மின்சாரம் போகும் வழி குறுகும், குறுகிய இடத்தில் சூடு பிறக்கும், சூட்டில் கனெக்டர் கருகும். ஒருநாள் தொடர்பு அறும். கருகியதை வெட்டிவிட்டு புது கனெக்டர் வைத்துப் பற்றவைத்து, பின்களில் கிரீஸ் தடவி மூடினார். அப்புறம் அரைமணி நேரம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி வேக்கம் போட்டு, பம்பை நிறுத்திவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடிக்கும்வரை கேஜ் முள் நகராமல் நின்றது. "லீக் இருந்தா இந்நேரம் முள்ளு ஏறியிருக்கும். காயில் நல்லா இருக்கு." டேஷ்போர்டு தப்பியது. தராசில் வைத்து 380 கிராம் ஏற்றினார். மிச்சம் நூறு சொச்சம் கிராம் அவர் சிலிண்டரிலேயே நின்றது, அதற்குப் பில்லில் கழித்தும்விட்டார்.

கேஸ் மட்டும் ஏன் ஜெயிக்கிறது

அந்தக் கடைக்காரர்கள் திருடர்கள் என்று நான் நினைக்கவில்லை. கணவர் இதில் என்னைவிடக் கோபமாக இருந்தார், போய்ச் சண்டை போடவேண்டும் என்றார். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நாம் போன் போட்டுக் கேட்பது என்ன? "ஏசி கேஸ் அடிக்க எவ்வளவு?" என்றுதானே. நோயைச் சொல்லாமல் மருந்தின் விலையைக் கேட்கிறோம். கடைக்காரர் விலை சொல்கிறார். கேள்வி கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குப் பில் போட முடியாது, கிராம் தெரியாமல் அடிக்கும் கேஸுக்குப் போடலாம். அடித்த அன்றைக்குக் குளிரும், ஃபேனோ மழையோ எதுவோ ஒன்று கைகொடுக்கும். திரும்பி வந்தால் லீக் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. தோற்றாலும் தோற்றதாகத் தெரியாத வைத்தியம் என்றால் யார்தான் விடுவார்கள்.

அதற்குப் பிறகு யாராவது ஏசி குளிரவில்லை என்றால் நான் பாயின் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சம் தொல்லையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குளிர் இருந்தது, காற்றுதான் போதவில்லை. குளோவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். உருவியபோது அவர்கள் வாசல் வேப்பமரத்தின் பூ முழுக்க அதில் இருந்தது. சென்னைக்கு ஈசிஆரில் போய்வரும் என் தம்பிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் அருமையாகக் குளிரும், பிறகு காற்றே வராது. டீக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினால் மறுபடி சரியாக இருக்கும், வண்டிக்கடியில் ஒரு குளம் தண்ணீர். காயில்மேல் பனிக்கட்டி படிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது. காயில் ரொம்பக் குளிர்ந்தால் கம்ப்ரசரை நிறுத்தவேண்டிய சென்சார் தூங்குகிறது. இரண்டு பேருக்கும் ஊரார் சொன்ன மருந்து என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நிஜமாகவே கேஸ் போகிற வண்டியும் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கும் என் சிநேகிதியின் காரில் குளிர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது, ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி. பாயிடம் அனுப்பினேன். கண்டென்சரின் கீழ் மூலையில் கைப்பிடி அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியுமாக ஒரு கறை இருந்ததாம். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், கேஸ் பறந்துவிடும், எண்ணெய் சாட்சிக்கு நிற்கும். சோப்புநுரை வைத்ததும் குமிழி வந்தது. அவளுக்குக் கண்டென்சர் மாற்றிவிட்டுத்தான் கேஸ் அடித்தார். அதற்கு முந்தைய வருடங்களில் அவள் அடித்த கேஸெல்லாம் அந்த மூலை வழியாக வங்காள விரிகுடா பக்கம் போயிருக்கிறது.

போனது காசு மட்டுமில்லை. பழைய கார்களில் ஆர்12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தை அரித்தது என்று 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு உலகமே அதைக் கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். இதையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் முடிவாகி, இந்தியாவும் 2021-இல் ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இதைப் போடவே கூடாது. இங்கே சில கடைகளில் கூடுதல் கேஸை வால்வைத் திறந்து புஸ்ஸென்று காற்றில் விடுவதைப் பார்த்திருக்கிறேன். வெயில் தாங்கவில்லை என்று வந்த இடத்தில் வெயிலுக்கு உரம் போட்டு அனுப்புகிறார்கள். பாய் சிலிண்டருக்கு இழுத்ததற்குக் காரணம் கேட்டேன். கிகாலி பற்றியெல்லாம் அவர் பேசவில்லை. "காசு குடுத்து வாங்கின சாமானை யாராவது தெருவுல விடுவாங்களா" என்றார்.

கிளம்பும்போது கண்டென்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, தகடுகள் வெளுக்க ஆரம்பித்துவிட்டன, இது உப்பு, இன்னும் சில வருடம் தாங்கும் என்றார். வாரம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொன்னார். வாட்டர் சர்வீஸில் பிரஷர் வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும், காற்று போகாது, அதைமட்டும் செய்யாதே என்றார். அதன்படி ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோஸ் பிடித்துக்கொண்டு வண்டியின் மூக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தப் பெரிய கடையிலிருந்து போன். டேஷ்போர்டு வேலைக்கு எப்போது வண்டி விடுகிறீர்கள் என்று. விசிறி கனெக்டர் போயிருந்தது, மாற்றிவிட்டேன், இப்போது நன்றாகக் குளிர்கிறது என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சமும் அசரவில்லை. "ஃபேன் எலக்ட்ரிக்கல்ல வரும் மேடம். நீங்க ஏசி கம்ப்ளெயிண்ட் குடுத்ததால ஏசி டெக்னீஷியன்தான் பார்த்தாரு." அப்படியா, அவர் எத்தனை கிராம் கேஸ் அடித்தார் என்று பில்லில் இல்லையே, கேட்டுச் சொல்ல முடியுமா என்றேன். லைனில் வைத்துவிட்டுப் போனாள். பாட்டு ஓடியது. திரும்பி வந்து, "அதெல்லாம் கேஜ் பார்த்து அடிக்கிறதுதான் மேடம்" என்றாள். "சார் பக்கத்துல இருக்காரா? டெக்னீஷியன் அவர்கிட்ட எக்ஸ்பிளெய்ன் பண்றேங்கிறாரு."